சத்தம் பிடிக்க வந்த சைலன்சர்

கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஓடுகிற டிரெய்லர் லாரிகளின் ஹாரன்களை எல்லாம் கழற்றி, ஒரே இடத்தில் கட்டி, ஒரே நேரத்தில் அடித்தாலும், எங்கள் தெரு சைலன்சர் அண்ணன் "ஒரு டீ போடு நைனா" என்று சொல்வதற்கு ஈடாகாது. இதை நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஒரு வாரம் குடியிருந்திருக்க வேண்டும். இனிமேல் முடியாது. அவர் இப்போது இங்கே இல்லை.

சைலன்சர் என்பது பட்டப்பெயர். நிஜப்பெயர் ரேஷன் கார்டில் இருக்கும் என்று சொல்வார்கள், நான் பார்த்ததில்லை. யாரோ ஒரு புண்ணியவான் அவருக்குச் 'சைலன்சர் கழன்ற லாரி' என்று பெயர் வைத்திருக்கிறான். அவ்வளவு நீளமாகக் கூப்பிட ராயபுரத்தில் யாருக்கும் பொறுமை கிடையாது. கழன்றதும் லாரியும் நாளடைவில் உதிர்ந்து, சைலன்சர் மட்டும் நிலைத்துவிட்டது.

அவர் காசிமேட்டில் லாஞ்சு மெக்கானிக்காக இருந்தவர். லாஞ்சு என்றால் விசைப்படகு. பாதி ஆயுளை அதன் வயிற்றுக்குள், இன்ஜின் பக்கத்தில் குந்தியே கழித்துவிட்டார். அந்தச் சத்தத்தில் காது இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ரிட்டையர் ஆகிவிட்டன. வாய் மட்டும் சர்வீஸில் இருந்தது. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்து முக்கால்வாசி புரிந்துகொள்வார், மீதியை அவரே இட்டு நிரப்பிக்கொள்வார். எண்ணூரில் கட்டிக்கொடுத்த மகள் ஆசையாகக் காது மிஷின் வாங்கி வந்து மாட்டிவிட்டாள். அன்று சாயங்காலமே கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார்.

"இன்னாம்மா இது, ஊர்ல அல்லாரும் இம்மாஞ் சத்தமா பேசிகினு கீறாங்க! பேஜாரா கீது!"

நான் கண்டெய்னர் யார்டு ஒன்றின் கேட்டில் லாரி நம்பர் எழுதுகிற வேலையில் இருக்கிறேன். அதனால் அவருக்கு நான் ரைட்டர். பத்திரிகையில் எழுத ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான், அதற்கென்று அவர் தனியாக எந்த மரியாதையும் கூட்டித் தரவில்லை. ஒருமுறை டீக்கடையில் என் காதருகே குனிந்து, "ரைட்டரே, உங்கையில மட்டும் சொல்றேன், வெளிய வுட்றாத" என்று ஒரு குடும்ப விஷயத்தைச் சொன்னார். எதிர்ச் சாரியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அக்கா கத்தியை நிறுத்திவிட்டு, "அப்பால இன்னாண்ணே ஆச்சு?" என்று கேட்டாள்.

மாதா கோயிலில் சாமியார் காதில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு அவர் மாதம் ஒரு சனிக்கிழமை போவார். அந்தச் சனிக்கிழமை மட்டும் பாவமே செய்யாதவர்களும் வரிசையில் வந்து நிற்பார்கள். கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு சாமியாருக்குத்தான் உண்டு, தெருவுக்குக் கிடையாது. கடைசியில் சாமியாரே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாங்க, கூட்ஸ் வண்டி போற நேரமா பாத்து வாங்க" என்று கேட்டுக்கொண்டதாகப் பேச்சு.

காது கேட்காதவர் இன்ஜினை எப்படிப் பார்த்தார் என்று நீங்கள் கேட்பீர்கள். அவருடைய காது ஒரு ஸ்க்ரூ டிரைவர். மரப்பிடி போட்ட பழைய சாமான். பிடியைப் பல்லால் கடித்துக்கொள்வார், நுனியை இன்ஜின் மேல் ஊன்றுவார், கண்ணை மூடுவார். அதிர்வு பல் வழியாக மண்டைக்குள் போகும். அரை நிமிஷம் கழித்து எடுத்து, "மூணாவது சிலிண்டரு இருமுது" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டர்தான் கோளாறாக இருக்கும். வேலையை விட்ட பிறகு எங்கள் தெரு மிக்சி, ஃபிரிட்ஜ், ஷேர் ஆட்டோ என்று அவர் கடித்துப் பார்க்காத பொருள் பாக்கியில்லை.

இப்போது என் மீன் தொட்டிக்கு வருகிறேன்.

என் மனைவி ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். அப்போது அவளுக்குத் தொடர்ந்து நைட் டூட்டி. காலையில் வந்து கஞ்சியைக் குடித்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்கு எழுந்திருப்பாள். எங்கள் கல்யாண நாளுக்கு அவள் வாஷிங் மிஷின் கேட்டிருந்தாள். நான் கொளத்தூர் போய் ஒரு மீன் தொட்டியும் நான்கு தங்க மீன்களும் வாங்கி வந்தேன். "இதுவும் தண்ணியில சுத்துறதுதானே" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் எல்லாவற்றிலும் பெரிய மீனுக்கு, அது தொட்டியைச் சுற்றி வருகிற தோரணை வார்டு சுற்ற வருகிற தலைமை நர்ஸ் மாதிரி இருந்ததால், மேட்ரன் என்று பெயர் வைத்தது அவள்தான்.

தொட்டியின் பின்பக்கம் ஒரு ஃபில்டர் தொங்கிற்று. தண்ணீரை உறிஞ்சி, பஞ்சு வழியாக விட்டு, திரும்பத் தொட்டியில் கொட்டுகிற சின்ன மிஷின். ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு 'டர்ர்ர்' என்று ஆரம்பித்தது. அதனோடு தண்ணீர் விழுகிற 'சொடசொட' வேறு. எங்கள் மாடி வீடு ஒரு கூடமும் ஓர் அறையும்தான், நடுவில் கதவு என்ற பெயரில் ஒரு திரைச்சீலை. ஸ்டெல்லாவின் தூக்கம் போயிற்று.

"வாசல்ல டிரெய்லர் லாரி போவுது, அதுக்கெல்லாம் தூங்குற. இதுக்கா தூக்கம் வரல?" என்று நான் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"லாரிக்காரன் கத்துனா அது அவன் பாடு. இது வூட்டுக்குள்ள கத்துது. வார்டுல மிஷினு சத்தம் கொஞ்சம் மாறுனா எழுந்து ஓடுறவ நான். வூட்லயும் ஓடச் சொல்றியா?"

நியாயம்தான். அவள் தூங்குகிற ஆறு மணி நேரம் ஃபில்டரை நிறுத்திப் பார்த்தேன். மூன்றாவது நாள் தண்ணீர் வாடை அடித்தது, மேட்ரன் உட்பட நான்கு பேரும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். கொளத்தூர் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ஐயோ சார், அந்தப் பஞ்சுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஜீவனுங்க குடியிருக்கு. மீனோட கழிவத் தின்னு தண்ணிய நல்லா வைக்கறது அதுங்கதான். தண்ணி ஓடலன்னா அதுங்க செத்துடும், அப்புறம் மீனும் போயிடும். ஃபில்டர மட்டும் நிறுத்தாதீங்க" என்றார்.

ஓடினால் பெண்டாட்டிக்குத் தூக்கம் இல்லை, நின்றால் மீனுக்கு உயிர் இல்லை. அந்தத் திங்கட்கிழமை ஸ்டெல்லா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்புவதற்குள் சத்தம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி வீட்டை விட்டுப் போக வேண்டும். அவள் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது, வாக்குவாதம் செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஆனால் யார்டு கேட்டில் நாள் முழுக்கப் புழுதியும் திட்டும் வாங்கிவிட்டு வந்து, அந்த மீன்கள் முன்னால் அரை மணி நேரம் சும்மா உட்காருவது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் டீக்கடையில் சைலன்சர் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா ரைட்டரே, மூஞ்சி கவுந்துகினு கீது?"

சொன்னேன். உதட்டைக் கவனமாகப் பார்த்தார். முடித்ததும் மார்பில் தட்டிக்கொண்டார்.

"சத்தமா? சத்தத்த நிறுத்தறதுக்கு இந்த பேட்டைல என்ன வுட்டா யாரு கீறா?"

டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் கண்ணாடி டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். எனக்கு அந்த வாரம் மத்தியான ஷிஃப்ட், வீட்டில் இருந்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கால் கட்டைவிரலில் நடந்து, பூனை மாதிரி உள்ளே நுழைந்தார். நுழைந்து, "தங்கச்சி தூங்குதா? நீ கவலப்படாத, நான் சத்தமே போட மாட்டேன்!" என்றார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கட்டில் ஒருமுறை துள்ளிற்று.

அவருக்கு டீ வாங்கி வரலாம் என்று நான் கீழே இறங்கியது தப்பு. லாஞ்சில் பழகிய கைக்கு ஒரு வழக்கம் உண்டு. எது சத்தம் போட்டாலும் முதலில் கிரீஸ் வைத்துவிட்டுத்தான் அப்புறம் யோசிக்கும். நான் திரும்பி வந்தபோது ஃபில்டருக்குள் சுற்றுகிற குட்டி விசிறியில், லாஞ்சு இன்ஜினுக்கு வைக்கிற கிரீஸை அப்பி, மாட்டி, ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சத்தம் உண்மையிலேயே குறைந்திருந்தது. தண்ணீரின் மேல் மட்டும் வானவில் போட்டிருந்தது.

"அண்ணே, இன்னாண்ணே இது?"

"கிரீஸு. கிரீஸ் இல்லாத மிஷினு இன்னா மிஷினு?"

"மீனு செத்துடும்ணே!"

"கடல்ல எத்தினி லாஞ்சு ஓடுது, மீனு செத்தா பூடுச்சு?" என்று கேட்டவர், மேட்ரன் மேலே வந்து வாயைப் பிளப்பதைப் பார்த்ததும் நிறம் மாறிப்போனார்.

அதன் பிறகு நடந்ததைப் பார்த்து அவர் மேல் எனக்கு வந்த கோபம் பாதி போய்விட்டது. பிளக்கைப் பிடுங்கினார். தினத்தாளைக் கேட்டு வாங்கி, தாள் தாளாகத் தண்ணீரின் மேல் படுக்கப் போட்டு எடுத்தார். எண்ணெய் தாளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு டியூபை விட்டு அடித் தண்ணீரை வாயால் உறிஞ்சி இறக்கினார். டீசல் உறிஞ்சிப் பழகிய வாய், ஒரு மிடறு உள்ளேயே போய்விட்டது. "டீசலுக்கு இது தேவல" என்றார். எங்கள் பேட்டையில் தண்ணீர் பிடித்து வைக்காத வீடு கிடையாது. இரண்டு நாளாகத் திறந்த டிரம்மில் நின்ற தண்ணீரில் மீனுக்கு ஆகாத குளோரின் வாடை போயிருந்தது, அதை மொண்டு தொட்டியை நிரப்பினோம். லாரித் தண்ணீர் ஒழுங்காக வராததற்கு அன்று முதல்முறையாக நன்றி சொன்னேன்.

கிரீஸ் பட்ட பாகங்களை அவர் சோப்புப் போட்டுத் தேய்த்து, சோப்பு வாடை போகும்வரை அலசினார். அந்த ஜோரில் பஞ்சையும் சோப்பில் முக்கப் போனவரின் கையை எட்டிப் பிடித்து, அது ஜீவன்கள் குடியிருக்கிற இடம் என்று சைகையில் விளக்கினேன். எனக்கு வந்த சைகையில் அது குழந்தையைத் தாலாட்டுவது மாதிரி இருந்திருக்கும் போல. "ஓ, குட்டிங்க கீதா உள்ள?" என்று கேட்டு, தொட்டியின் பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை மெதுவாக அமுக்கி எடுத்துவிட்டார். இதற்கெல்லாம் நடுவில் ஸ்டெல்லா எழுந்து வந்தாள். அவளுடைய பிரியாணி அண்டாவில் மேட்ரன் நீந்திக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அப்படியே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். அதுதான் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். பிடியைக் கடித்து, ஃபில்டர் மேல் வைத்தார், கண்ணாடி மேல் வைத்தார், தொட்டி உட்கார்ந்திருந்த இரும்பு மேஜை மேல் வைத்தார். கண்ணைத் திறந்தபோது பழைய மெக்கானிக் முகம் வந்திருந்தது.

"மூணு சத்தம் கீது ரைட்டரே. வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு, மேல ஒண்ணு."

உள்ளே இருந்தது மணல். விசிறியின் குழிக்குள் ஒரே ஒரு மணல் துணுக்கு உட்கார்ந்துகொண்டு எங்களைப் பழி வாங்கிக்கொண்டிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் அதையும், சுற்றிப் படிந்திருந்த பாசி வழவழப்பையும் தேய்த்து எடுத்தார். வெளியே இருந்தது அதிர்வு. லாரி டியூபை வெட்டி, ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சொருகினார், இரும்பு மேஜைக்கும் தொட்டிக்கும் நடுவில் கனத்த ரப்பர் விரித்தார். மேலே இருந்தது தண்ணீர் விழுகிற சத்தம். இரண்டு குடம் ஊற்றி மட்டத்தை ஏற்றினார். விழுவதற்கு உயரம் இல்லாமல் தண்ணீர் சத்தம் காட்டாமல் இறங்கியது. முழுக்க மூழ்கட்டும் என்று நான் இன்னொரு குடத்தைத் தூக்கியபோது தடுத்தார்.

"போதும். மேல கொஞ்சம் அல ஆடணும். அல இல்லன்னா மீனுக்கு மூச்சு ஏது?"

இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கடலைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார்.

ஃபில்டர் ஓடியது. ஓடுகிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு அமைதியாக ஓடியது. நான் வாயைப் பிளந்து நிற்க, அவர் சட்டைப் பையிலிருந்து வலை பின்னுகிற சிவப்பு நைலான் நூலில் ஒரு துண்டை எடுத்து, தண்ணீர் வெளியே வருகிற வாயில் கட்டிவிட்டார். நூல் நீரோட்டத்தில் குஷியாக நெளிந்தது.

"லாஞ்சுல எனக்கு இன்ஜின் சத்தம் கேக்காது. இன்ஜின் சூட்ட ஆத்திட்டு வர்ற தண்ணி சைடுல ஊத்துதான்னு பாப்பேன். ஊத்துனா ஓடுது, நின்னா செத்துச்சு. உனக்கும் இனிமே கேக்காது. நூலப் பாத்துக்க."

இதைச் சொன்ன சத்தத்தில் ஸ்டெல்லா மறுபடி எழுந்துவிட்டாள்.

எழுதும்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. ஃபில்டர் சத்தம் நின்றுவிட்டது, ஸ்டெல்லா தூங்கவில்லை. காரணம், தன் வேலை எப்படி இருக்கிறது என்று பார்க்க அவர் தினமும் மூன்று தடவை வந்தார். மாடிப்படி ஏறும்போதே, "தங்கச்சி, சத்தம் வருதாம்மா?" என்று விசாரித்துக்கொண்டே வருவார். அவள் சிவந்த கண்ணோடு வெளியே வந்தால், "பாத்தியா ரைட்டரே, இன்னும் தூக்கம் வரல! வேற எங்கியோ சத்தம் கீது!" என்று ஸ்க்ரூ டிரைவரைக் கடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றுவார். வெள்ளிக்கிழமை ஃபேனைக் கழற்றினார். சனிக்கிழமை காலை ஃபிரிட்ஜை முன்னால் இழுத்தார். அந்தச் சத்தம் எதுவென்று தெருவுக்கே தெரியும். சொல்லத்தான் ஆள் இல்லை. எனக்கும் தைரியம் இல்லை. தொட்டியைக் கொடுத்துவிடலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன், அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

சொன்னது ஸ்டெல்லா. சொல்லவும் இல்லை, காட்டினாள். அறையிலிருந்து வந்தவள் நேராக அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கினாள். தர்மாமீட்டர் வைக்கிற பழக்கத்தில் பிடியை அவர் வாயில் வைத்தாள். நுனியைத் தொட்டியின் கண்ணாடியில் ஊன்றச் செய்தாள். கண்ணாடி அமைதியாக இருந்தது. அவர் பெருமையாகத் தலையாட்டினார். பிறகு அவள், பேசுங்கள் என்று கையால் காட்டினாள்.

"இன்னா பேஷ்றது?" என்றார் பல்லிடுக்கில்.

கண்ணாடி நடுங்கியது. நான்கு மீன்களும் ஒரே மூலையில் போய் ஒட்டிக்கொண்டன. அவர் மீன்களைப் பார்த்தார். இன்னொரு முறை, தானாகவே, "ஷ்டெல்லா" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை வாயிலிருந்து எடுத்து லுங்கியில் துடைத்தார்.

"நானா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் மெதுவாகச் சொன்னார். அவர் தரையில் குந்திக்கொண்டார்.

"லாஞ்சுல இன்ஜினத் தாண்டிக் கத்துனாத்தான் மேல கீறவனுக்குக் கேக்கும் தங்கச்சி. கரைக்கு வந்துட்டேன், அந்த இன்ஜின் எனக்கு நிக்கவே இல்ல. அத்தத் தாண்டித்தான் இன்னும் பேசிகினு கீறேன் போல."

ஸ்டெல்லா அவர் தோளைத் தொட்டாள், உதட்டைத் தெளிவாக அசைத்து, "தொட்டி இங்கயே இருக்கட்டும்ணே" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நிம்மதியாகப் பூசைக்குப் போனோம்.

அதன் பிறகு தெருவில் ஓர் அதிசயம் நடந்தது. காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை சைலன்சர் அண்ணன் பேசுவதை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டைத் தாண்டும்போது உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, அவரையே அவர் மிரட்டியபடி நடப்பார். தினமும் மத்தியானம் மாடி ஏறி வந்து, வராந்தாவின் ஜன்னல் கம்பி வழியாக நூல் ஆடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். டீக்கடையில் விரலைக் காட்டித்தான் டீ கேட்டார். அவருக்கு உடம்புக்கு என்னவோ என்று மீன் ஆய்கிற அக்கா மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். ஸ்டெல்லா நன்றாகத் தூங்கினாள். எனக்குத்தான் தெரு வெறிச்சென்று இருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். வெயில் காலம். தொட்டித் தண்ணீர் சூடேறி, ஆவியாகி மட்டம் இறங்கியிருந்தது, ஊற்ற வேண்டும் என்று நினைத்து மறந்துவிட்டேன். அன்று காலை நான் யார்டில் இருந்தபோது கரண்ட் போய்த் திரும்ப வந்திருக்கிறது. மட்டம் குறைந்திருந்ததால் ஃபில்டர் காற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை இழுக்கவில்லை. பழைய ஃபில்டராக இருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருக்கும். இதுவோ நாங்கள் பழக்கிய ஃபில்டர், சத்தமில்லாமல் சும்மா இருந்தது. சத்தம் மாறினால் எழுந்து ஓடுகிற ஸ்டெல்லா, மாறுவதற்குச் சத்தமே இல்லாததால் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வழக்கம்போல மத்தியானம் சைலன்சர் அண்ணன் ஜன்னலுக்கு வந்தார். நூல் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று மீன்கள் மேலே வாயைப் பிளந்துகொண்டிருந்தன, மேட்ரன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கதவைத் தட்டியிருக்கலாமே என்பீர்கள். அவர் வாழ்க்கையில் எந்தக் கதவையும் தட்டியதில்லை, தேவைப்பட்டதில்லை. உதட்டில் இருந்த விரலை எடுத்தார்.

"தங்கச்சீ! நூலு நின்னுடுச்சி! எழுந்திரும்மா!"

ஒரு மாதம் சேர்த்து வைத்த குரல். இரண்டு தெரு தள்ளி வாசலுக்கு ஓடி வந்தவர்கள் உண்டு. யார்டு கேட்டில் இருந்த எனக்கே கேட்டது என்று நான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஸ்டெல்லா வார்டில் ஓடுகிற மாதிரி ஓடி வந்திருக்கிறாள். அவர் ஜன்னலில் நின்று கையால் காட்டக் காட்ட, டிரம் தண்ணீரை மொண்டு ஃபில்டருக்குள்ளும் தொட்டிக்குள்ளும் ஊற்றியிருக்கிறாள். ஃபில்டர் ஒருமுறை கொப்பளித்துவிட்டு ஓட ஆரம்பித்தது. நூல் எழுந்து ஆடியது. மேட்ரன் நிமிர்ந்து, முதல் ரவுண்டு போக ஒரு மணி நேரம் ஆயிற்றாம். அதுவரைக்கும் இரண்டு பேரும் தொட்டி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மேட்ரன் நீந்தியதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

"மன்னிச்சுக்கம்மா. தூங்கறப்ப கத்திட்டேன்."

ஸ்டெல்லா அவர் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாளாம். "வார்டுல பெல்லு வச்சிருக்கறதே தூங்கறவங்கள எழுப்பத்தாண்ணே. நீங்க பேசுங்க. நீங்க பேசாம இந்த ஒரு மாசமா எனக்கும் நல்லா இல்ல."

மறுநாள் டீக்கடையில், "ஒரு டீ போடு நைனா!" என்ற சத்தத்தில் கடைக்காரர் பால் பாத்திரத்தைக் கை தவறவிட்டார். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

போன வருஷம் மகள் வந்து அவரை எண்ணூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஸ்டெல்லாவுக்கும் இப்போது பகல் டூட்டிதான் பெரும்பாலும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போது சரியாக வீடியோ கால் வரும். நாம் சொல்வது எதுவும் அவருக்குக் கேட்காது. திரை முழுக்க அவர் மூக்குதான் தெரியும். "நூலக் காட்டு!" என்பார். ஸ்டெல்லா போனைத் தொட்டிக்கு நேராகப் பிடிப்பாள். கொஞ்ச நேரம் பார்ப்பார். "ஆடுது, ஆடுது. மேட்ரனக் கேட்டதா சொல்லு" என்று கத்திவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் கத்தியதில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. நான் சத்தத்தைக் குறைக்கப் போனில் கை வைத்தேன். ஸ்டெல்லா என் கையைத் தட்டிவிட்டாள்.